உப்போடையைப் பதினொரு முறை வரைந்தவன்

லேவி ஆர்ன்ட் வரைந்த படங்களுக்கெல்லாம் சட்டம் அடித்துக் கொடுத்தவன் நான். அதே பட்டறையில் சவப்பெட்டியும் செய்வேன். இரண்டுக்கும் ஒரே பைன் பலகைதான், சட்டத்துக்கு மட்டும் மேலே தங்கப்பூச்சு. லேவியைப் பற்றிச் சொல்ல மார்லோ ஊரில் இப்போது வேறு ஆள் மிச்சமில்லை, அதனால் நான் சொல்கிறேன். எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் பென்சில்வேனியாக்காரன். அப்பா குதிரை வண்டிகளுக்குச் சாயம் பூசுகிறவர். பதினெட்டு வயதில் தாய் செத்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பி, சரக்கு வண்டிகளோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். அப்போது இங்கே ரயில் கிடையாது. காட்டெருமைத் தோல் ஏற்றுகிறவர்களும் பட்டாளத்துக்காரர்களும் குடிகாரர்களும்தான் ஊர். 1867-ஆம் வருஷப் பனிக்காலத்தில் ஹாலம் என்பவர் தொண்ணூறு பேரைத் திரட்டினார். அரசாங்கப் பட்டாளம் இல்லை. சம்பளத்துக்கும் கிடைக்கிற குதிரைகளுக்கும் ஆசைப்பட்டுத் தாங்களாக வந்து சேர்ந்தவர்கள். லேவி வண்டியோட்டியாகப் போனான். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். உப்போடைக் கரையில் ஷயான் பழங்குடி வீரர்களை முறியடித்துவிட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து ஹாலம் எல்லோருக்கும் கேப்டன். செனட்டுக்குப் போகாத குறை.

லேவி அந்த வசந்தத்திலேயே ஊரைவிட்டுப் போய்விட்டான். பதினைந்து வருஷம் எங்கெங்கோ திரிந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி வயிற்றைக் கழுவினான். ரயில் வந்தபோது வேலை தேடி மார்லோவுக்குத் திரும்பினான். நான் அவனைப் பார்த்தது அப்போதுதான். நெட்டையான ஆள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பான். மதுக்கடை ஒன்றின் பின்சுவரில் காட்டெருமை மந்தை ஒன்றை வரைந்தான். குடிக்க வந்தவர்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றார்கள். அந்த மந்தையெல்லாம் அழிந்து அப்போது நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு கிழட்டு வேட்டைக்காரன் அதைப் பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன்.

அந்தச் சுவரைக் கேப்டன் ஹாலமும் பார்த்தார். புதிதாகக் கட்டிய நீதிமன்றத்துக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று லேவியைக் கூப்பிட்டுவிட்டார். அளவெடுக்க நானும் போயிருந்தேன்.

"நீ உப்போடைக்கு வந்தவன்தானே?" என்றார் கேப்டன்.

"குதிரைங்களப் பிடிச்சிட்டு நின்னேன், கேப்டன். மேட்டுக்குப் பின்னால."

"வந்தேல்ல, அது போதும். மிச்சத்த நான் சொல்றேன். வெள்ளைக் குதிரை மேல நான். பின்னால கொடி. எதிர்ல முந்நூறு பேர், தலைநெறைய இறகு வச்சுக்கிட்டு."

"முந்நூறா?"

"கேன்வாஸ்ல எவ்வளவு எடம் இருக்கோ அவ்வளவு பேருய்யா!" என்று சொல்லிக் கேப்டன் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். லேவி அவர் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எட்டடி உயரம், பதினான்கடி அகலம். வரைய ஒன்றரை வருஷம் ஆனது. சட்டத்துக்கு நான் ஓக் இலை செதுக்கினேன். என் வாழ்நாளில் செய்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். படத்தைத் திறந்துவைத்த அன்று பெண்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குதிரையின் மூக்கிலிருந்து வருகிற ஆவிகூடத் தெரிந்தது. வலது காதில் சின்னதாக ஒரு வெட்டு. இப்படி ஒரு குதிரையை யாராவது கற்பனையில் வரைய முடியுமா என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஓய்வே இல்லை. ரயில் கம்பெனி ஒன்று அந்தப் படத்தைக் காலண்டரில் அச்சடித்தது. கிழக்கிலிருந்து ஆட்கள் அவன் பட்டறையைத் தேடி வந்தார்கள். ஆற்றைக் கடக்கிற மாட்டு மந்தை, பனியில் சிக்கிய தபால் வண்டி, ஓநாய்கள் என்று அவன் எவ்வளவோ வரைந்தான். எல்லாம் நல்ல படங்கள். வந்தவர்கள் அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் உப்போடைதான் வேண்டும் என்பார்கள். மறுபடி அதையே வரைவான். ஒவ்வொரு தடவையும் இறகுகள் கூடும், கொடி பெரிதாகும். மலைப் பக்கம் கல்லால் ஒரு வீடு கட்டிக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எவ்வளவு பேர் வேண்டுமானாலும் நின்று வேடிக்கை பார்க்கலாம், ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் பனியை வரையும் நாட்களில் மட்டும் கதவைத் தாழ்போட்டுக்கொள்வான். நான் தட்டினாலும் திறக்கமாட்டான். அது கலைஞனின் கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

1903 அக்டோபரில் பதினோராவது உப்போடை முடியும் தறுவாயில் இருந்தது. நான் சட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் துணி வெளுக்கிற ரோஸ் டூசே கூடையோடு வந்தாள். ரோஸ் பிறப்பால் ஷயான் பெண். ஒரு பிரெஞ்சு வியாபாரி எடுத்து வளர்த்து, வண்டிக்காரன் ஒருவனுக்குக் கட்டிவைத்தார். அவன் செத்துப்போன பிறகு மார்லோவில் துணி வெளுத்துப் பிழைத்தாள். எப்போதும் சமையலறை வாசலிலேயே துணியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று அங்கே தரை கழுவியிருந்தது. அதனால் பட்டறைக்குள்ளேயே வந்தாள்.

"சட்டைங்கள எங்க வைக்கட்டும்?" என்றவள் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அந்த நாற்காலி மேல வை, ரோஸ்" என்றான் லேவி, திரும்பாமலே.

அவள் வைக்கவில்லை. "அது கேப்டன் குதிரை இல்ல" என்றாள்.

"எது?"

"அந்த வெள்ளக் குதிரை. கேப்டன் வந்தது கோவேறு கழுதை மேல. வெள்ளக் குதிரை எங்கப்பாவோடது. கூடாரத்துப் பக்கத்துல கட்டியிருந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அவரு அதுல ஏறினாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேவி தூரிகையைக் கீழே வைத்தான். "உனக்கு அப்ப என்ன வயசு?" என்றான்.

"ஏழு."

"எங்க இருந்தே?"

"தோலுக்கு அடியில. நாலஞ்சு காட்டெருமைத் தோலு அடுக்கியிருந்துச்சு, அதுக்குள்ள எங்கம்மா என்னத் திணிச்சா. இடுக்கு வழியா பாத்தேன். நீங்க எங்க இருந்தீங்க?"

"மேட்டுக்குப் பின்னால."

"அப்புறம் கீழ வந்தீங்களா?"

அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டுமே என்றும் இருந்தது எனக்கு.

"வந்தேன்" என்றான்.

ரோஸ் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "அப்ப எங்கம்மாவ பாத்திருப்பீங்க. மூணாவது கூடார வாசல்ல கெடந்தா. கழுத்துல நீலப் பாசி, நாலு சரம். அவ முகம் எப்படி இருந்துச்சு, மிஸ்டர் ஆர்ன்ட்? எனக்கு மறந்துபோச்சு. அவ கை ஞாபகம் இருக்கு, கொரல் ஞாபகம் இருக்கு. முகம் மட்டும் போயிடுச்சு. கேக்கறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல."

"எனக்கும் ஞாபகம் இல்ல" என்றான் லேவி.

அவள் சட்டைகளை நாற்காலியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு, "ஒரு தடவ பாத்த குதிரைய, காதுல இருக்கற வெட்டோட வரையறவரு நீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கதவு மூடியதும் நான் கேட்டேன். "யோவ் லேவி, அவ சொல்றது...?"

"நெசம்தான்."

அன்றைக்குத்தான் சொன்னான். அந்த முகாமில் வீரர்கள் யாருமே இல்லை. ஆண்கள் எல்லோரும் வேட்டைக்குப் போயிருந்தார்கள். கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான். ஒரு கிழவர் கழியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். முதலில் அவரைத்தான் சுட்டார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது, வெயில் மேட்டின் மேல் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு தோல்களை வண்டியில் ஏற்ற லேவியைக் கீழே வரச்சொன்னார்கள். முதல் இரண்டு கூடாரத்துத் தோல்களை ஏற்றியதும் வண்டி நிறைந்துவிட்டது, மூன்றாவது கூடாரத்துத் தோல்கள் அப்படியே கிடந்தன.

"அந்தப் பொம்பளையோட முகம் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுதான்யா ஞாபகம் இருக்கு. இருபது வருஷமா அது மேலதான் பனியப் பூசிக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் அவன் ரோஸ் வீட்டுக்குப் போய், தான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டான். முகத்தை வரைந்து தருகிறேன் என்றான். அந்தப் பனிக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் பட்டறைக்கு வருவாள். சில நாள் நானும் இருந்திருக்கிறேன். அவன் காபி போட்டுக் கொடுப்பான், அவள் தொடமாட்டாள். கரித்துண்டால் வரைந்த தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டுவான்.

"இது யாரோ" என்பாள்.

அடுத்ததை நீட்டுவான். "இது மிஷன் பள்ளிக்கூடத்துச் சுவத்துல இருக்கற மாதா."

அதற்கடுத்தது. "இது நான். என் மூஞ்சியப் பாத்துப் போட்டிருக்கீங்க."

எல்லாம் அடுப்புக்குள் போகும். பிப்ரவரி வாக்கில் அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"நீங்க சிரிச்சுக்கிட்டு, உசுரோட இருக்கற பொம்பளைய வரையறீங்க" என்றாள். "அவள நீங்க பாக்கவே இல்லையே. அவள நான்தான் பாத்தேன். நீங்க பாத்தது வேற."

"அத எப்படிம்மா உன் கையில குடுக்கறது?"

"எனக்கு வேற முகம் எங்க இருக்கு? நீங்க பாத்ததப் போடுங்க."

அன்று அவன் தாளை எடுத்தான். நாலு கோடு போட்டுவிட்டு எல்லாவற்றையும் உள்ளங்கையால் அழித்தான். "இதுல வராது, ரோஸ். அவ கெடந்த எடத்துலதான் வரும்" என்றான். அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

ஏப்ரலில் நீதிமன்றத்துக்குப் போனான். விளக்குப் புகை படிந்து படம் மங்கிவிட்டது, மே மாதம் போர்வீரர் நினைவு நாளுக்கு முன்னால் சுத்தம் செய்து தருகிறேன் என்றான். கேப்டனுக்கு ரொம்பச் சந்தோஷம். படத்தின் முன்னால் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு லேவி உள்ளே வேலை பார்த்தான். பத்தாம் நாள் ஏணியின் படி ஒன்று ஆடுகிறது என்று என்னைக் கூப்பிட்டான். துணியை விலக்கி உள்ளே போனவன் அப்படியே நின்றேன். இறகு வைத்த முந்நூறு பேரில் பாதிப்பேர் காணோம். அவர்கள் இருந்த இடமெல்லாம் வெறும் பனி.

"எறங்கு லேவி. என்ன காரியம் பண்றே? தோலை உரிச்சிடுவாங்க" என்றேன்.

"சட்டம் உன்னோடது, ஜெஸப். வேணும்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஏணியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு உதவவும் இல்லை. துணிச்சல் இல்லாதவன் செய்கிற காரியம் அதுதான்.

நினைவு நாளன்று நீதிமன்றம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் உப்போடைக்குப் போனவர்களில் உயிரோடிருந்த ஒன்பது பேர், மார்பில் ரிப்பன் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டு வாசித்து முடித்ததும் கேப்டனே கைத்தடியால் துணியைத் தள்ளினார்.

அதில் போர் இல்லை. நரைத்த விடியல். கோவேறு கழுதை மேல் ஒரு தடித்த மனிதர். கூடாரத்துப் பக்கத்தில் கட்டிய வெள்ளைக் குதிரை, வெருண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு. கழியோடு விழுந்து கிடக்கிற கிழவர். கூடாரங்களுக்கு நடுவே கிடந்தவர்களை ஒவ்வொருவராக வரைந்திருந்தான், சின்னஞ்சிறிய குழந்தைகள் உட்பட. மேட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி, குதிரைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். நெட்டையான பையன். மூன்றாவது கூடார வாசலில் நீலப் பாசி போட்ட ஒரு பெண், முகம் நம்மைப் பார்க்கிற மாதிரி.

"யாருய்யா இது? இது என்னய்யா?" என்றார் கேப்டன்.

"உங்களுக்குத் தெரியும், கேப்டன்" என்றான் லேவி. சுவரோரமாக நின்றிருந்தான். முதல் தடவையாக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அவன் பேசியதைக் கண்டேன்.

"பைத்தியம் பிடிச்சிருக்கு இவனுக்கு! எல்லாம் பொய்!"

அப்போது முன்வரிசையில் கொல்லன் சோவல் எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "கோவேறு கழுதைதான்யா அது" என்று சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான். அவன் பின்னால் யாரும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் கூச்சல் கிளம்பியது. ஒருவன் பெஞ்சில் ஏறினான். ஒருவன் மைக்கூட்டை வீசினான். அது சட்டத்தில் பட்டு உடைந்தது.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் ரோஸ் நடந்து வந்தாள். அந்தக் கட்டிடத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் என்ன நினைத்ததோ, வழிவிட்டது. படத்துக்கு நேராகப் போய், மூன்றாவது கூடாரத்துக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள். கையை நீட்டினாள், சாயம் ஈரமாக இருந்ததால் தொடவில்லை. தன் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். யாரோ ஏணி கொண்டுவந்து துணியை மறுபடி தொங்கவிட்டார்கள். துணி அவள் தலைமேல் விழுந்தது. அதை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனாள். அவ்வளவு நேரம்தான் அவள் அந்த முகத்தைப் பார்த்தது.

லேவியை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். ஊர் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. ரொட்டிக்கடையில் அவன் போனால் ரொட்டி தீர்ந்துவிட்டது என்பார்கள். ரயில் கம்பெனி காலண்டரை மாற்றியது. படம் கேட்டிருந்தவர்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

ஜூன் மாதம் சிகாகோவிலிருந்து ஒரு ஓவியரைக் கேப்டன் வரவழைத்தார். பழைய காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முன்பிருந்தபடியே அதன் மேல் வரைவது அவர் வேலை. அவருக்குச் சாரம் கட்டச்சொல்லி என்னிடம் ஆள் அனுப்பினார்கள். நான் கட்டினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் ரொட்டி வேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்த வாரம் லேவி என் பட்டறைக்கு வந்தான்.

"சாரம் நீதான் கட்டினியாமே?"

"ஆமா."

"எட்டிப் பாத்தேன். நல்லா வழவழன்னு எழைச்சிருக்கே. அந்த ஆளு கையில சிலாம்பு ஏறிடக்கூடாதுன்னா?"

அவன் மேஜைமேல் கிடந்த ஆணிகளை விரலால் வரிசையாக அடுக்கினான். "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்னிடம் வரவே இல்லை.

கல்வீட்டை விட்டுவிட்டு, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மரக்குடிலில் இருந்தான். குதிரை லாயத்தில் சாணி அள்ளினான். அதன் பிறகு அவன் எதையும் வரைந்ததாகத் தெரியவில்லை. ரோஸ் மட்டும் வழக்கம்போல அவன் துணிகளை வெளுத்துக் கொடுத்தாள். 1907 ஜனவரியில் சட்டைகளைக் கொண்டுபோனபோது அவன் கட்டிலில் விறைத்துக் கிடந்தான். சளிக் காய்ச்சல். செத்து இரண்டு நாள் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

நிலம் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. ஏப்ரல்வரை பெட்டி என் கொட்டகையிலேயே இருந்தது. ஓக் பலகையில் செய்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் ரோஸும் நானும் கொல்லன் சோவலும் மட்டும். பாதிரியார் கால்வலி என்று சொல்லிவிட்டார்.

ரோஸ் அதற்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வெளுத்த துணியைக் கொடுக்கும் நாட்களில் அரை மணி நேரம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஏதோ வழக்கு போலிருக்கிறது என்று குமாஸ்தாக்கள் நினைத்துக்கொண்டார்கள். சிகாகோக்காரர் சரிந்து விழும் ஒரு வீரனை வரைந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்த பெஞ்ச் அது. அந்த வீரனுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று ரோஸும் சோவலும் நானும் மறக்கமாட்டோம், நாளானால் மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். மறந்தும்விட்டார்கள். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். கேப்டன் தொண்ணூற்றொரு வயதுவரை இருந்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் பெட்டியையும் நான்தான் செய்தேன்.

லேவியை அடக்கம் செய்த அடுத்த வருஷம் ரோஸ் தெற்கே, அரசாங்கம் தன் ஜனங்களுக்கு ஒதுக்கிவிட்ட இடத்துக்குக் கிளம்பினாள். ஸ்டேஷனுக்கு அவள் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். வண்டிக்காகக் காத்திருக்கும்போது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

"மேல பூசியிருக்கற சாயத்தச் சொரண்டி எடுக்க முடியுமா, மிஸ்டர் ஜெஸப்?"

"முடியாதும்மா. அவன் சாயம் காயறதுக்குள்ள மேல பூசிட்டாங்க. சொரண்டினா ரெண்டும் சேந்து வந்துடும்."

"சின்னத் துண்டுகூடவா?"

"சின்னத் துண்டுகூட."

அவள் தலையை ஆட்டினாள். வண்டி வந்தது. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறிப் போனாள்.